சட்டை என்ன கலர்?

அந்த லிஃப்ட் கம்பெனியில் முதலாளி பேச்சைக் கேட்காதவர்கள் உண்டு. கணக்குப்பிள்ளை பேச்சை யாருமே கேட்பதில்லை. அக்கா பேச்சைத் தட்டிவிட்டுப் போகத்தான் இதுவரை ஒருத்தரும் பிறக்கவில்லை. அவளுக்கும் பெயர் என்று ஒன்று இருந்தது. சம்பளம் போடும் நாளில் மட்டும் அது வெளியே வரும். மற்ற நாளெல்லாம் அக்காதான். அவளைவிட மூத்த மெக்கானிக்குகளுக்கும் அக்கா, கட்டடத்துக் காவல்காரர்களுக்கும் அக்கா, கீழே டயர் கடை வைத்திருப்பவருக்கும் அக்கா. ஆனால் கூடப் பிறந்த தம்பி ஒருவன்தான். அவனும் அதே கம்பெனியில் மெக்கானிக். சின்ன வயதில் எந்தப் பொந்தைக் கண்டாலும் தலையை நுழைப்பான் என்பதால் வீட்டில் வண்டு என்று கூப்பிட்டார்கள். பிழைப்பும் பொந்துக்குள்ளேயே அமைந்துவிட்டது.

ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டைப் பராமரிக்கும் கம்பெனி, ஆனால் அதன் அலுவலகத்துக்கு லிஃப்ட் கிடையாது. டயர் கடைக்கு மேலே செங்குத்தான படிகளில் ஏறிப் போக வேண்டும். முழங்கால் பிடித்துக்கொள்ளும்போதெல்லாம் அக்கா முதலாளியை நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் கடைசிப் படியில் கால் வைப்பாள். ஜன்னலோரம் அவள் மேசை. மேசைமேல் ஒரு கம்ப்யூட்டர், அதன் திரையில் எந்நேரமும் திறந்தே கிடக்கும் மெசேஜ் ஆப். அவள் கைப்பேசிக்கு வருவதெல்லாம் அந்தத் திரையிலும் வரும். திரையில் தட்டுவதெல்லாம் அவள் நம்பரிலிருந்தே போகும். 'கதவு மூடல', 'பாதியில நிக்குது', 'உள்ள எங்க மாமியார் மாட்டிக்கிட்டாங்க, அவசரம் ஒண்ணுமில்ல' என்று விடிந்ததிலிருந்து வந்துகொண்டே இருக்கும். இந்தக் கடைசி மெசேஜை மட்டும் அவள் அழிக்காமல் வைத்திருந்து, மனசு சரியில்லாத நாளில் எடுத்துப் படிப்பாள்.

இதெல்லாம் மேம்போக்கான வேலை. அக்காவின் நிஜமான வேலை வேறு.

லிஃப்டில் பழுது என்றால் சில சமயம் ஆள் அடியில் இறங்க வேண்டியிருக்கும். லிஃப்ட் ஏறி இறங்கும் அந்த நெட்டுக்குத்தான இருட்டுக்குக் கீழே ஆள் குனிந்து நிற்கிற அளவுக்கு ஒரு குழி. எண்ணெய்ப் பிசுக்கும் எலி நாற்றமும் உள்ள இடம். அதற்குள் ஆள் இருக்கும்போது மேலே யாராவது மெயின் சுவிட்சைப் போட்டு பட்டனை அமுக்கினால் அப்புறம் பேச ஒன்றும் இல்லை. குழிக்குள் குரல் அறுந்து அறுந்து கேட்கும். மெசேஜ் மட்டும் எப்படியோ போய்விடும். அதனால் அக்கா ஒரு பழக்கம் வைத்திருந்தாள். இறங்குவதற்கு முன் 'உள்ள' என்று ஒரு வார்த்தை அனுப்ப வேண்டும். ஏறி வந்ததும் 'வெளிய'. அது வந்த பிறகு அக்கா அந்தக் கட்டடத்துக் காவல்காரருக்கு 'போடுங்கண்ணே' என்று அனுப்புவாள். அதற்கப்புறம்தான் சுவிட்ச். வீட்டுக்காரர்கள் தலைகீழாக நின்றாலும், நாற்பது படி இறங்கி மூச்சிரைத்து வந்து காவல்காரரைப் பிடித்து உலுக்கினாலும், அக்காவின் அந்த ஒரு வார்த்தை வராமல் எந்தக் காவல்காரரும் கையை நீட்ட மாட்டார்.

நடுவில் இன்னொன்றும் உண்டு. ஒருமுறை இரண்டு பேர் ஒரு கட்டடத்துக்குப் போயிருந்தபோது, வெளியே டீ குடிக்க வந்தவன் தன்னைப் பற்றி 'வெளிய' என்று அனுப்பிவிட்டான். மற்றவன் அப்போது குழிக்குள். அக்காவுக்கு ஏதோ உறுத்தி, ஃபோன் போட்டுக் கேட்டதால் தப்பித்தான். அன்றிலிருந்து 'வெளிய' என்று வந்ததும் அவள் ஒரு கேள்வி கேட்பாள். பதில் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த கேள்வி. காலையில யாரு உன்னைத் திட்டினது? பையில என்ன கிழிஞ்சிருக்கு? சட்டை என்ன கலர்? பதில் சரியாக இருந்தால்தான் காவல்காரருக்கு மெசேஜ் போகும். பையன்கள் இதைக் கிண்டல் செய்தார்கள், ஆனால் ஒழுங்காகப் பதில் சொன்னார்கள். இந்த வழக்கத்தை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. அக்காவின் தலைக்குள்தான் இருந்தது.

வண்டு உள்ளே இருக்கும்போது மட்டும் அவள் நிலை தனி. அம்மா போனபோது அவன் இடுப்பில் தூக்குகிற பிள்ளை. கீழே விட்டால் அழுவான் என்று இவளே தூக்கித் திரிந்தாள். இப்போது மீசை நரைக்கத் தொடங்கிய ஆள். இவள் கண்ணுக்கு அவன் இன்னும் இடுப்பில்தான் இருந்தான். கொஞ்சம் நேரமானால் போதும், 'டேய், பதில் போடு. பயமா இருக்கு' என்று தட்டிவிடுவாள். அவன் தன் கைப்பேசியில் அவள் மெசேஜுக்கு மட்டும் சைக்கிள் மணி ஓசை வைத்திருந்தான். குழிக்குள் மணி அடித்தால், கை முழுக்கக் கிரீஸ் என்றாலும் மூக்கு நுனியாலாவது தட்டிப் பதில் போட்டுவிடுவான். கிரீஸ் கையால் பூட்டைத் திறக்க முடியாது என்று கைப்பேசிக்குப் பூட்டும் வைக்கவில்லை.

முதலாளிக்கு வயதாகி மகள் பொறுப்புக்கு வந்தாள். சின்ன முதலாளி என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது, அதனால் எல்லாரும் அப்படியே சொன்னார்கள். நல்ல பெண். படியேறி வரும்போதே அக்காவின் முழங்காலைப் பற்றி விசாரிக்கிற பெண். அக்கா ராத்திரி சாப்பாட்டுத் தட்டு முன்னாலும் மெசேஜுக்குப் பதில் போட்டுக்கொண்டிருப்பதாக வண்டு போய்ச் சொல்லியிருக்கிறான். ஒருநாள் காலையில் அவள் அக்காவின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

“அக்கா, இந்த மெசேஜ் ஆப்போட ஒரு ஏ.ஐ. உதவியாளரை இணைச்சு விடறேன். வர்றதைப் படிச்சு, நீங்க எப்படிப் பதில் போடுவீங்களோ அப்படியே எழுதி வைக்கும். நீங்க பாத்துட்டு ‘அனுப்பு’ன்னு ஒரு தட்டு. அவ்வளவுதான்.”

“நான் எப்படிப் போடுவேன்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

“நீங்க இத்தனை வருஷமா போட்டதெல்லாம் இதுலயே இருக்கே. படிச்சுக்கும்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

அக்காவுக்குத் தன் துணிப் பெட்டியை வேறு யாரோ திறந்தது போல ஒரு கூச்சம். ஆனாலும் முழங்கால் வலித்தது, கண்ணும் கொஞ்ச நாளாகப் புகைமூட்டமாகத் தெரிந்தது. சரி என்றாள். திரையில் படிக்கலாமா என்று கேட்டது, ஆமாம் என்று தட்டினார்கள். எழுதி வைக்கலாமா என்று கேட்டது, அதற்கும் ஆமாம். நானே அனுப்பலாமா என்று கேட்டதற்குச் சின்ன முதலாளி வேண்டாம் என்று தட்டினாள். அந்த மட்டில் அவள்மேல் யாரும் குறை சொல்ல முடியாது.

அலுவலகத்தில் அதற்கு எடுபிடி என்று பெயர் வைத்தார்கள். எடுபிடி கெட்டிக்காரன்தான், அதைச் சொல்லியாக வேண்டும். கத்துகிறவரிடம் தணிந்து பேசும், குழைகிறவரிடம் கறாராக இருக்கும், பதில் வரத் தாமதமானால் தானே விசாரித்தும் எழுதி வைக்கும், அக்கா மாதிரியே. முதல் வாரம் அவள் ஒவ்வொன்றையும் கண்ணை இடுக்கிப் படித்து, ஒரு சொல்லை மாற்றி அனுப்பினாள். அடுத்த வாரம் மாற்ற ஒன்றும் இருக்கவில்லை. அதற்கப்புறம் படிக்காமலே தட்ட ஆரம்பித்தாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

ஒருநாள் வண்டு ஏதோ கட்டடத்திலிருந்து 'வெளிய' என்று அனுப்பினான். இவள் பட்டனுக்குக் கையைக் கொண்டு போவதற்குள் திரையில் தயாராக நின்றது: 'சட்டை என்ன கலர்?' அக்கா கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். அவள் அதைத்தான் கேட்க இருந்தாள். பிறகு சிரித்து அனுப்பினாள்.

இன்னொரு நாள், வாய்த்துடுக்கு அதிகமான மெக்கானிக் ஒருவன் அந்தக் கேள்விக்குத் 'தங்கக் கலர்ல ஜரிகை வச்சது' என்று பதில் போட்டான். எடுபிடி உடனே எழுதி வைத்தது: 'உனக்கு எடுப்பா இருக்கும்டா. சரி.' கூடவே காவல்காரருக்கு 'போடுங்கண்ணே'வும் தயார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். எல்லாரையும் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். கணக்குப்பிள்ளைகூடச் சிரித்தார். இத்தனை பேர் சேர்ந்து சிரித்தார்களே, ஒருத்தருக்காவது உறைத்திருக்க வேண்டாமா? எடுபிடி கேள்வியைக் கற்றுக்கொண்டுவிட்டது. பதில் தெரிந்திருந்தால்தான் அது கேள்வி என்பதைக் கற்றுக்கொள்ளவில்லை. அக்கா காலையில் பையன்களைக் கண்ணால் பார்த்திருப்பாள். எடுபிடிக்கு ஏது கண்? அதற்கு எந்தச் சட்டையும் சரிதான்.

வண்டுக்கு எடுபிடியைப் பிடிக்கவில்லை. ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது சொன்னான்.

“எது உன் மெசேஜ், எது அதோடதுன்னு எனக்குப் பாத்ததும் தெரிஞ்சுடும்க்கா. அது எவ்வளவு நடிச்சாலும் நாடகக்காரன்தான்.”

“எதை வச்சுச் சொல்ற?”

“நேத்து குழியில இருந்தேன்ல, அப்ப ‘பதில் போடு, பயமா இருக்கு’ன்னு போட்டியே. அது நீ. அந்தப் பயத்தை எந்த மிஷினும் எழுதாது.”

சாப்பாட்டுத் தட்டில் அக்காவின் கை நின்றது. அந்த மெசேஜை எழுதியது எடுபிடி. அவள் கணக்குப்பிள்ளையோடு ஏதோ பேசிக்கொண்டே தட்டிவிட்டிருந்தாள். தம்பியின் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து, சொல்ல மனம் வராமல், “சரி சாப்பிடு” என்று மட்டும் சொன்னாள்.

கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் வந்தது. கண்ணில் மருந்து விட்டுத்தான் பார்ப்பார்கள், பாதி நாள் வரைக்கும் எழுத்து தெரியாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அக்கா முன்னேற்பாடு இல்லாமல் எதையும் செய்கிறவள் அல்ல. காலையிலேயே அலுவலகத்துக்கு வந்து பையன்களை நிறுத்தி வைத்துச் சொன்னாள்: “இன்னிக்கு யாரும் குழிக்குள்ள இறங்கக் கூடாது. மேல் வேலை மட்டும் பாருங்க. நான் வந்தப்புறம்தான் மத்ததெல்லாம்.” எல்லாரும் தலையாட்டினார்கள். வண்டுவும் ஆட்டினான்.

கம்ப்ளெயின்ட்டுக்கு யார் பதில் போடுவது? சின்ன முதலாளி ஃபோனில் வழி சொன்னாள். எடுபிடியே அனுப்பட்டும், அந்த அனுமதியை மட்டும் இன்றைக்குத் திறந்துவிடுங்கள் என்றாள். அக்கா திறந்தாள். எந்தெந்த உரையாடல்களுக்கு என்று கேட்டது. ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது எல்லாவற்றுக்கும். கட்டடங்கள், வீட்டுக்காரர்கள், காவல்காரர்கள் என்று வரிசை கீழே போய்க்கொண்டே இருந்தது. மங்கிய கண்ணுக்கு அது ஓடும் தண்ணீர் மாதிரி தெரிந்தது. கீழே வண்டு வண்டியில் காத்திருந்து ஹாரன் அடித்தான். உள்ள, வெளிய என்பது அவளுக்கு மெசேஜாகவே படவில்லை. அது மூச்சு விடுவது போல. அதில் இன்னொருத்தர் வந்து கை வைக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அதோடு இன்றைக்குத்தான் யாரும் இறங்கப்போவதில்லையே. 'எல்லாம்' என்று தட்டிவிட்டு எழுந்தாள்.

வண்டுவின் பின்னால் உட்கார்ந்து போகும்போது அவன் முதுகுதான் அவள் கண்ணுக்கு எதிரே. கம்பெனிச் சட்டை நீலம். அது காயவில்லை என்று அன்றைக்கு அவன் கடுகு நிறத்தில் ஒரு பழைய சட்டையைப் போட்டிருந்தான். தோள்பட்டையில் தையல் விட்டிருந்தது. “இதைப் போட்டுக்கிட்டா ஊரைச் சுத்தப்போற? சாயங்காலம் கழட்டிக் குடு, தைச்சுத் தர்றேன்” என்று அந்த இடத்தை விரலால் கிள்ளினாள். அவன் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, கையைப் பிடித்துப் படியேற்றி, “முடிஞ்சதும் சொல்லு, வந்து கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

நர்ஸ் மருந்து விட்டாள். கண் எரிந்து, வெளிச்சம் பெருகி, பிறகு எல்லாம் பால் ஊற்றினது போல ஆகிவிட்டது. வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் அவளைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு ஏழெட்டுப் பேர். மடியில் கைப்பேசி. அது அவ்வப்போது அதிர்ந்துகொண்டே இருந்தது. கம்ப்ளெயின்ட் வருகிறது, எடுபிடி பார்த்துக்கொள்கிறது என்று அவள் சும்மா இருந்தாள். சும்மா இருப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. அதில் ஒரு சுகம்கூட இருந்தது.

பக்கத்தில் அப்பாவைக் கூட்டிவந்த பெண் ஒருத்தி மெல்லத் தொட்டாள்.

“அம்மா, உங்க ஃபோன் விடாம அடிக்குது. ஏதாவது அவசரமோ என்னவோ.”

“எனக்குக் கண்ணு தெரியலம்மா. யாருன்னு பாத்துச் சொல்லேன்.”

“வண்டுன்னு போட்டிருக்கு.”

“என் தம்பிதான். கூட்டிட்டுப் போக வரட்டுமான்னு கேப்பான். படி.”

அந்தப் பெண் படித்தாள். நல்ல தெளிவான குரல். பாடம் வாசிப்பது போல, யார் சொன்னது என்பதையும் சேர்த்து வாசித்தாள்.

“அவரு கேக்குறாரு: ‘அக்கா, இங்க குழி சுவிட்ச் சுத்தமா போச்சு. இன்னிக்கே மாத்தித் தரணும்னு நிக்கிறாங்க. இறங்கட்டா?’ நீங்க போட்டிருக்கீங்க: ‘இறங்குடா. பாத்து.’”

“நான் போடலையே” என்றாள் அக்கா.

“உங்க ஃபோன்லேர்ந்துதான் போயிருக்கு. அப்புறம் அவரு: ‘உள்ள.’”

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். எதிரே வெள்ளை வெளிச்சத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

“அப்புறம் நீங்க: ‘வேலை முடிஞ்சுதாடா? வெளிய வந்துட்டியா?’ அவரு: ‘முடிந்தது. வெளியே வந்தாச்சு.’”

“அவன் அப்படி எழுத மாட்டானே.”

“நீங்க: ‘சட்டை என்ன கலர்?’ அவரு: ‘நீலம்.’ நீங்க: ‘சரிடா.’ இதுக்கப்புறம் இன்னொருத்தருக்குப் போயிருக்கு. ‘போடுங்கண்ணே’ன்னு.” அந்தப் பெண் சிரித்தாள். “சட்டையெல்லாம் கேக்குறீங்களே, ரொம்பப் பாசம்போல.”

அக்கா அவள் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் அந்தப் பெண்ணின் வளையல் நெளிந்தது.

“கடைசியா போனதே, அந்த ஆளுக்கு ஃபோன் போடு. போடும்மா. போடு.”

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. காவல்காரர் எடுக்கவில்லை. மறுபடியும் போடச் சொன்னாள். அவர் அறையிலிருந்து சுவிட்ச் இருக்கும் இடத்துக்கு வாகனங்கள் நிறுத்துகிற இடத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அன்றைக்கு வண்டுவுக்கு ஒதுக்கிய கட்டடம் அது, அவள் பார்த்திருக்கிறாள். மெயின் சுவிட்ச் பெட்டியில் பூட்டு மாட்டும் கொண்டி துருப்பிடித்து விழுந்துவிட்டது என்று அவளே கட்டடத்தாருக்குச் சொல்லிச் சொல்லி அலுத்திருக்கிறாள். குழிக்குள் லிஃப்டை நிறுத்தி வைக்கும் சுவிட்சைத்தான் மாற்ற இறங்கியிருக்கிறான். அங்கே அவனுக்கு இருந்த காவல் அவள் வார்த்தை ஒன்றுதான்.

காவல்காரர் எடுத்தார். மூச்சு வாங்கியது.

“அண்ணே போடாதீங்க. போடாதீங்கண்ணே.”

“போட்டுட்டேனேக்கா” என்றார் அவர், நல்ல பிள்ளையாக. “நீங்க சொன்ன உடனே ஓடிப்போய்ப் போட்டேன். மேல எல்லாரும் காத்துட்டிருக்காங்கல்ல.”

அவர் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. பிறகு யாரோ கத்தினார்கள். அது வண்டுவின் குரல் இல்லை என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நடந்தது பெரிய சூழ்ச்சி ஒன்றும் இல்லை. யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை; அதுதான் வயிற்றெரிச்சல். வண்டுவின் கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துகொண்டிருந்தது. 'உள்ள' என்று அனுப்பிவிட்டு, காவல்காரர் அறையில் சார்ஜில் போட்டுவிட்டு இறங்கினான். சின்ன வேலைதானே, அக்கா ‘இறங்குடா’ என்று சொல்லிவிட்டாள், இன்னும் கண்ணில் மருந்து விடவில்லை போலிருக்கிறது என்று நினைத்தான். அவன் இறங்கிய பிறகு அந்த அறைக்குக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்து உட்கார்ந்தார். சைக்கிள் மணி அடித்தது. வேலை முடிந்ததா என்று யாரோ அக்கா கேட்கிறாள். ஜன்னல் வழியாகப் பார்த்தார். குழாயடியில் நீலச் சட்டைக்காரன் ஒருவன் கை கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர்க் குழாய் சரிசெய்ய வந்த ஆள். லிஃப்ட்காரன் வெளியே வந்துவிட்டான் என்று எண்ணி, பாவம் கை ஈரமாக இருக்கிறதே, நாமே சொல்லிவிடுவோம் என்று அவர் பதில் தட்டினார். அடுத்து சட்டை நிறம் கேட்டதும் மறுபடி எட்டிப் பார்த்துச் சொன்னார். உதவி செய்த திருப்தி அவர் முகத்தில் இருந்ததாகக் காவல்காரர் பின்னால் சொன்னார். எடுபிடியும் உதவிதான் செய்தது. கம்பெனிச் சட்டை நீலம் என்று பழைய மெசேஜ்களில் அது படித்திருந்தது, பதிலும் பொருந்தி வந்தது. கடுகு நிறம் என்பது அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் கண்ணில் மருந்தை விட்டுக்கொண்டு, சுகமாக உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பெண்தான் அப்பாவை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு அக்காவை வாடகை வண்டியில் ஏற்றி, வண்டுவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து விட்டாள். அக்கா சுவரைத் தடவித் தடவி நடந்தாள். வராந்தாவில் சின்ன முதலாளி அழும் சத்தம் கேட்டது. “அக்கா, எல்லாத்துக்கும் குடுத்தீங்களா? மெக்கானிக்குங்களுக்குமா?” என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்று உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். காவல்காரர் ஓரமாக நின்றார். தன் கைப்பேசியை நீட்டி, “பாருங்கக்கா, நீங்கதான் சொன்னீங்க, ‘போடுங்கண்ணே’ன்னு இருக்கு பாருங்க” என்று வருகிற போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். அவளால் அதைப் பார்க்க முடியவில்லை. பார்த்திருந்தாலும் மறுக்க என்ன இருக்கிறது? நம்பர் அவளுடையது. வார்த்தை அவளுடையது. அந்த வார்த்தைக்கு மதிப்பு உண்டாக்கினவளும் அவளே.

லிஃப்ட் இறங்கி வந்தபோது வண்டு மூலையில் சுருண்டு படுத்துவிட்டான். பொந்தில் நுழைந்து பழகின உடம்பு. தலை தப்பியது. உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். இடது காலைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றும், வலது கை விரல்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை என்றும் சொன்னார்.

சாயங்காலம் அவனை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். அக்கா கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்தாள். மருந்தின் வேகம் குறைந்து கண் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்துகொண்டிருந்தது. தலைமாட்டில் ஒரு பையில் அவன் சட்டையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். நிறம் தெரிந்தது. வெட்டி எடுத்திருக்கிறார்கள், இனிமேல் தைக்க முடியாது. அவள் மடியில் அவன் கைப்பேசி, காவல்காரர் கொடுத்தது. முழுக்கச் சார்ஜ் ஏறியிருந்தது.

ஊசி மயக்கத்தில் வண்டு கண்ணை மூடிக் கிடந்தான். அவன் நெற்றியில் கை வைத்தபடி அவள் மன்னிச்சுக்கடா என்று சொல்ல வாயெடுத்தபோது, மடியில் சைக்கிள் மணி அடித்தது.

அந்த ஓசையை அவன் ஒரே ஒருத்திக்குத்தான் வைத்திருந்தான். அந்த ஒருத்தி கையை அவன் நெற்றியில் வைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருந்தாள். டயர் கடைக்கு மேலே ஆளில்லாத அறையில் கம்ப்யூட்டர் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க வேண்டும் என்று இத்தனை பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வண்டுவின் உதடு அசைந்தது. கண் திறக்கவில்லை.

“அக்கா கேக்குறா” என்றான் குழறலாக. பக்கத்தில் இருப்பது நர்ஸ் என்று நினைத்தானோ என்னவோ. “கை வர மாட்டேங்குது. நீங்க பதில் போட்டுடுங்க. இல்லன்னா அவ பயந்துடுவா.”

“டேய், நான்தான்டா. நான் இங்க இருக்கேன்.”

அவன் நெற்றி சுருங்கியது. மணி மறுபடியும் அடித்தது. அவன் அந்தச் சத்தத்தின் பக்கம் தலையைத் திருப்பினான், அவள் பக்கம் அல்ல.

“அப்ப அது யாரு?” என்று கேட்டான்.

அக்கா கைப்பேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். எழுத்து இப்போது நன்றாகத் தெரிந்தது. மேலே அவள் முகம் உள்ள சின்னப் படம். கீழே அவள் வார்த்தைகள்: 'டேய், பதில் போடு. பயமா இருக்கு.'

அவள் கட்டைவிரல் எழுத்துகளின் மேல் வெகுநேரம் நின்றது. தான்தான் அக்கா என்று அவனுக்கு நிரூபிக்க, இத்தனை வருஷத்தில் தம்பியிடம் சொன்னதில் அந்த எடுபிடி படிக்காத வார்த்தை ஒன்றைத் தேடிப் பார்த்தாள். ஒன்றுகூட அகப்படவில்லை.